பிறந்தநாளில் கொடுக்கப் பழக்குதல்: ஒரு வீடு, மூன்று ஆண்டுகள்

இந்த ஆய்வில் வருவது ஒரு தனிக் குடும்பம் அல்ல. பிறந்தநாளோடு நன்கொடையைச் சேர்க்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே வீட்டின் கதையாகக் கோத்திருக்கிறோம். அதனால் இதிலுள்ள எண்களைப் புள்ளிவிவரமாகக் கொள்ள வேண்டாம்; ஏற்பாடு எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் அவை. வீட்டில் அப்பா, அம்மா, ஒரு மகள், அவளுக்கு 4 வயது இளைய தம்பி. மகளின் 7, 8, 9-ஆவது பிறந்தநாள்களைப் பார்க்கிறோம்.

பெற்றோரின் எண்ணம் எளியது. பரிசுகள் குவிகின்றன, பத்து நாளில் மூலைக்குப் போகின்றன; கொண்டாட்டத்தில் கொடுப்பதும் ஒரு பகுதியானால் பிள்ளைக்கு அது பழகிவிடும். எண்ணத்தில் தவறில்லை. பிறந்தநாளில் செய்தது பிள்ளைக்கு நன்றாக நினைவிருக்கும். இரண்டு முறை செய்துவிட்டால் மூன்றாம் முறை அதுவே "நம்ம வீட்டு வழக்கம்" ஆகிவிடும். அந்த வழக்கத்தில் உண்மையில் கொடுப்பவர் யார் என்பதில்தான் சிக்கல்.

முதல் ஆண்டு

அழைப்பிதழில் "பரிசுகளைத் தவிர்த்து நன்கொடை அளியுங்கள்" என்று அச்சிட்டார்கள். மகளிடம் அதைச் சொன்னது மூன்று நாள் முன்புதான். சேர்ந்த பணத்தோடு தங்கள் பணத்தையும் போட்டு, ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் புதுத்துணியும் விளையாட்டுப் பொருள்களும் வாங்கினார்கள். பிறந்தநாள் மாலையில் அங்கே போய், பொட்டலங்களை மகளின் கையால் கொடுக்க வைத்தார்கள். காப்பகத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாழ்த்துப் பாடினார்கள். நிறையப் படங்கள் எடுக்கப்பட்டன. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

வீடு திரும்பியதும் மகள் சொன்னது: "எனக்கு வர வேண்டியதை எல்லாம் அவங்களுக்குக் குடுத்துட்டீங்க." 3 வயதுத் தம்பியோ கையில் கொடுத்த பெட்டியைக் காப்பக வாசலிலேயே விடமாட்டேன் என்று உருண்டு அழுதிருந்தான். துணிகளை வயதைக் கேட்டு மட்டும் வாங்கியதால் பாதி அளவு சேரவில்லை. அந்த வாரத்தில் காப்பகத்துக்கு வந்த முதல் பிறந்தநாள் குடும்பமும் இவர்கள் அல்ல; பிள்ளைகளின் படிப்பு நேரம் ஒவ்வொரு முறையும் போயிற்று. அழைத்த பிள்ளைகளில் இருவர் வரவே இல்லை. எவ்வளவு போட்டால் மரியாதை என்று அவர்கள் வீட்டில் தெரியவில்லை. அதைக் கேட்கவும் கூச்சம்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்ததுபோல் என்பார்களே, அந்த வீட்டில் நடந்தது அதுதான். முடிவு பெற்றோருடையது. பணம் பெற்றோருடையதும் விருந்தினருடையதும். மகளுக்கு மிஞ்சியது இழப்பு மட்டும். அதுவும் அவள் ஒப்புக்கொள்ளாத இழப்பு.

பிள்ளை தானே தேர்ந்து, தனக்கு ஒன்று குறையும் என்று தெரிந்தே கொடுக்கும்போதுதான் கொடுத்தது அதன் மனத்தில் நிற்கிறது. நாடியா செர்னியாக், தமார் குஷ்னிர் என்ற இரு உளவியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 3, 4 வயதுப் பிள்ளைகளிடம் வருத்தத்தில் இருக்கும் ஒரு கைப்பொம்மையைக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான தேர்வு: ஒட்டுப்படத்தை நீயே வைத்துக்கொள்ளலாம், அல்லது பொம்மைக்குக் கொடுக்கலாம். இன்னொரு குழுவுக்குத் தேர்வே இல்லை, கொடுத்தாக வேண்டும். மற்றொரு குழுவுக்குச் சுலபமான தேர்வு: கொடு, இல்லாவிட்டால் அது யாருக்கும் இல்லை. பிறகு வேறொரு பொம்மை வந்தபோது, தனக்கு ஒன்று குறையும் அந்த முதல் வகைத் தேர்வைச் செய்த பிள்ளைகளே கூடுதலாகப் பகிர்ந்தார்கள். கட்டாயமாகக் கொடுத்ததும், எப்படியும் போகப்போவதைக் கொடுத்ததும் அவ்வளவாக ஒட்டவில்லை.

தம்பி அழுததைப் பற்றி ஒரு வார்த்தை. 3 வயதில் "பங்கு போட வேண்டும்" என்று வாயால் சொல்லும் பிள்ளை, கையில் இருக்கும்போது பங்கு போடாது. கிரேக் ஸ்மித், பீட்டர் பிளேக், பால் ஹாரிஸ் 2013-இல் 3 முதல் 8 வயது வரையுள்ளவர்களிடம் பார்த்தது இதுவே: பாதி கொடுப்பதுதான் முறை என்று எல்லா வயதினரும் சொன்னார்கள்; சொன்னபடி நடந்தவர்கள் 7, 8 வயதுக்காரர்கள். ஆகவே 3 வயதில் அழுவது கஞ்சத்தனம் ஆகாது. அவன் கையில் மூடிய பெட்டியைக் கொடுத்து, அதை இன்னொருவருக்குக் கொடு என்று சொன்ன பெரியவர்கள்தான் கணக்கில் தவறினார்கள்.

வாங்கும் பக்கத்தைப் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. ஒருவர் பிறந்தநாளைக் கொண்டாட இன்னொரு பிள்ளை வரிசையில் நின்று பாட வேண்டும் என்றால், அங்கே கற்றுத்தரப்படுவது மேல்கீழ். நம் பிள்ளையும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். வாங்குபவரின் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. கொடுப்பவர் கையிலிருந்து நேரடியாக வாங்கச் செய்யவும் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வெளியார் பிள்ளைகளைச் சந்திக்க அனுமதிக்காத காப்பகம் கெடுபிடியானது என்று சலித்துக்கொள்கிறார்கள். உண்மையில் நல்ல காப்பகத்தின் முதல் அடையாளங்களில் அது ஒன்று.

இரண்டாம் ஆண்டு

வேலை ஆறு வாரம் முன்பே தொடங்கியது. முதலில் பெற்றோர் மட்டும், பிள்ளைக்குத் தெரியாமல், மூன்று இடங்களுக்குத் தொலைபேசினார்கள்: நூலகத்தின் சிறுவர் பிரிவு, உறைவிடம் இன்றி அவசரமாக வரும் பிள்ளைகளுக்கான ஒரு தங்குமிடம், ஒரு விலங்குக் காப்பகம். கேட்டவை நான்கு. உங்களிடம் எது சீக்கிரம் தீர்ந்துபோகிறது? எது தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிறது? எந்த நாளில், எந்த நேரத்தில், யாரிடம் ஒப்படைக்க வேண்டும்? பணமாகத் தந்தால் அதில் ஒரு சிறு அலகு என்ன? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. கேட்டிருந்தால் முதல் ஆண்டின் பாதிப் பொருள்களை வாங்கியே இருக்க மாட்டார்கள்.

நான்காவது கேள்வி பிள்ளைக்காக. "நன்கொடை" என்ற சொல்லும் ஒரு பெரிய தொகையும் 8 வயதுக்கு எதையும் சொல்லாது. "ஒரு விலங்கை ஒரு நாள் பராமரிக்க இவ்வளவு" என்றால் அவளே எண்ணிப் பார்ப்பாள்.

பிறந்தநாளுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது மூன்று இடங்களையும் மகள் முன் வைத்தார்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். "யாருக்குக் கொடுக்கலாம், நீயே சொல்" என்று திறந்து விடவும் வேண்டாம். அப்படி விட்டால் பிள்ளை பெற்றோரின் முகத்தைப் படித்து, அவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லும். இந்த வீட்டில் பெற்றோரின் விருப்பம் தங்குமிடம். மகள் விலங்குக் காப்பகம் என்றாள். "மனிதர்களுக்கே இல்லாதபோது…" என்று அப்பா தொடங்கி நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதுதான் சரி. மூன்றில் ஒன்றை ஏற்க மனமில்லையென்றால் அதைப் பட்டியலில் வைத்திருக்கவே கூடாது. வைத்தபின் வாதாடினால் அது தேர்வே இல்லை.

நான்கு வாரம் இருக்கும்போது பங்கு பேசினார்கள். பிறந்தநாளுக்கு உறவினர் தரும் பணம் அவளுடையது என்று முதலில் உறுதி செய்தார்கள். பிறகு பத்து நாணயங்களை மேசையில் அடுக்கி, "இது உனக்கு வரப்போகும் பணம். இதில் எத்தனை காப்பகத்துக்கு? ஒன்றுமில்லை என்றாலும் சரி" என்றார்கள். அவள் மூன்றை நகர்த்தினாள். ஐந்து வரும் என்று பெற்றோர் எதிர்பார்த்திருந்தார்கள். இங்கே முகம் சுளித்தாலே மொத்த ஏற்பாடும் முதல் ஆண்டுக்குத் திரும்பிவிடும். "ஒன்றுமில்லை" என்ற பதிலை ஏற்கத் தயாராக இல்லாதவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது நல்லது.

பங்கை முன்கூட்டியே பேசுவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. பிரித்த பரிசை, விளையாடத் தொடங்கிய பொருளைத் திரும்ப வாங்கிக் கொடுக்க வைப்பது தோற்கும். பரிசுகளில் எதைத் தொடக்கூடாது, எது பங்குக்கு வரும் என்பது அது கைக்கு வருமுன்னே முடிவாகியிருக்க வேண்டும். இந்த வீட்டில் பொருள்கள் எல்லாம் அவளுக்கு. பணம் மட்டும் பங்குக்கு.

பெற்றோரின் பங்கு தனி. "நீ ஒன்று போட்டால் நாங்கள் பத்து போடுவோம்" என்பது பெரியவர்களுக்கு ஊக்கம் தரலாம். பிள்ளையின் ஒன்றை அது தூசாக்கிவிடும். அதற்குப் பதில், மண்டப அலங்காரத்துக்கு ஒதுக்கியதைக் குறைத்து, அந்தப் பணத்தைத் தங்கள் நன்கொடையாக மகள் பார்க்கவே எடுத்து வைத்தார்கள். அறிவுரை ஏதும் சொல்லவில்லை. 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 1975-இல் வெளியான ஒரு சோதனையில், பெரியவர் கொடுத்துக் காட்டியது பிள்ளைகளின் கையை அசைத்தது. அந்த நேரத்தில் வாயால் உபதேசித்தது அசைக்கவில்லை. கொடுத்துக் காட்டியதன் விளைவு இரண்டு மாதம் கழித்தும் தெரிந்தது.

அழைப்பிதழ் வாசகம் இப்படி அமைந்தது: "நீங்கள் வருவதே போதும். வீட்டில் பயன்படாத பழைய பருத்தித் துண்டு இருந்தால் துவைத்துக் கொண்டுவாருங்கள். விலங்குக் காப்பகத்துக்குப் போகிறது. பணம் வேண்டாம்." பரிசு வேண்டாம் என்றும் எழுதவில்லை, வேண்டும் என்றும் எழுதவில்லை. விருந்தினரிடம் பணம் கேட்காததால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பழைய துண்டு கொண்டுவந்த பிள்ளைகள் அதனால் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எப்படியும் கழிக்கப்போவதைக் கொடுத்தார்கள். காப்பகத்துக்குப் பயன், கூடிச் செய்த மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

கொண்டாட்டத்தின் நடுவே

கைவேலையாகத் தேர்ந்தது நாய்கள் கடித்து இழுக்கும் பின்னல் கயிறு. காப்பகம் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னபின்தான் இதில் இறங்கினார்கள். பழைய பருத்தி டி-ஷர்ட்டை வாசனைப் பொருள் சேர்க்காமல் துவைத்து, பொத்தான், ரப்பர் பட்டை, அச்சுப்படம் உள்ள பகுதிகளை நீக்கி, 5 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் பட்டைகளாக வெட்ட வேண்டும். ஒரு கயிற்றுக்கு 6 பட்டைகள்: இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று கால். 20 கயிற்றுக்கு 120 பட்டைகள். பெரியவர் அளவு டி-ஷர்ட் ஒன்றில் ஏறத்தாழ 15 பட்டைகள் தேறும். எட்டு சட்டைகள் போதும். பின்னி முடித்தால் நீளம் 35–40 செ.மீ.க்குச் சுருங்கும்.

14 பிள்ளைகள், ஏழு இணைகள். ஒருவர் முனையைப் பிடிக்க, மற்றவர் பின்ன, பாதியில் மாற்றிக்கொள்ள வேண்டும். 25 நிமிடம் ஒதுக்கினார்கள். 16 கயிறுகள் முடிந்தன, அதில் ஐந்து தளர்ந்திருந்தன. காரணம் தொடக்க முடிச்சு. பிள்ளைகள் போடும் முதல் முடிச்சு நழுவும். அது நழுவினால் பின்னல் முழுவதும் தளரும். முதல் முடிச்சை முந்தைய நாளே பெரியவர்கள் இறுக்கிப் போட்டு வைத்திருக்க வேண்டும். கடைசி முடிச்சையும் பெரியவர் ஒருவர் காலால் மிதித்து இழுத்துச் சோதிக்க வேண்டும். பசை, ஊசி, ஸ்டேப்ளர் எதுவும் மேசைக்கு வரக்கூடாது. பின்னல் பிரிய ஆரம்பித்தால் ஒட்டித் தரப் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும், விலங்கின் வயிற்றுக்குள் போவது அதுதான்.

நேரம் முக்கியம். எல்லோரும் வந்து சேர்ந்ததும், விளையாட்டு தொடங்குமுன் இதை வைத்துவிட வேண்டும். விளையாட்டை நிறுத்திவிட்டு உட்கார வைத்தால் கொடுப்பது தண்டனையாகிவிடும். கடைசியில் வைத்தால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள்.

இத்தனை திட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது: பெரியவர்களிடம் யாரும் பேசி வைக்கவில்லை. ஒரு சித்தப்பா எல்லோர் முன்னாலும் மகள் கொடுக்கும் தொகையை அறிவித்துக் கைதட்டச் சொன்னார். பாட்டி, "இவ்வளவு நல்ல பிள்ளையா இருக்கியே, உனக்குப் பெரிய பொம்மை ஒண்ணு வாங்கித் தரேன்" என்றார். முதலாவது, கொடுப்பதை மேடைக்கு ஏற்றியது. இரண்டாவது, கூலியாக்கியது. ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டோமசெல்லோ 2008-இல் 20 மாதக் குழந்தைகளிடம் கண்டது: உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்றவர்கள், பரிசு இல்லாமல் போனபோது, எதுவும் பெறாதவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். பாட்டி வாங்கித் தரட்டும். ஆனால் அது பிறந்தநாளுக்காக என்று சொல்லித் தரட்டும். இந்த ஒரு வாக்கியத்தை உறவினர்களிடம் முந்தைய நாள் தொலைபேசியில் சொன்னால் போதும்.

ஒப்படைப்பு ஐந்து நாள் கழித்து, முன்பே நேரம் கேட்டு. பிறந்தநாளன்றே போவதைக் கைவிட்டதால் காப்பகத்தில் கூட்டம் இல்லாத நேரம் கிடைத்தது, பிள்ளையும் சோர்ந்திருக்கவில்லை. மகளே பையைத் தூக்கினாள், உறையை ஊழியரிடம் கொடுத்தாள், துண்டுகள் எங்கே விரிக்கப்படுகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். விலங்குகளைத் தொட விடவில்லை. காரணத்தைப் போகும் வழியிலேயே சொல்லியிருந்ததால் அங்கே பிடிவாதம் இல்லை. 20 நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். துண்டுகளில் பருத்தி அல்லாத நான்கு திரும்பி வந்தன. பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோனதன் விளைவு.

தம்பிக்கு அந்த ஆண்டு 4 வயது. அவனுக்கு ஒரே ஒரு கேள்வி: "உன் இரண்டு பந்தில் ஒன்றை நாய்க்குட்டிகளுக்குக் கொடுக்கிறாயா, இரண்டையும் நீயே வைத்துக்கொள்கிறாயா?" இரண்டையும் வைத்துக்கொண்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு என்ன பேசுவது

மூன்று வாரம் கழித்து ஒரு பேச்சு போதும். "கொடுத்தது எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பதோடு முடியும். "மூன்று பங்கில் எத்தனை நாள் பராமரிப்பு வந்திருக்கும், கணக்குப் போடுவோமா?" என்றால் பேச்சு நகரும்.

பாராட்டும் சொல்லில் கவனம் தேவை. ஜோன் க்ரூசெக், எரிக்கா ரெட்லர் 1980-இல் வெளியிட்ட சோதனையில், "நீ கொடுத்தது நல்ல செயல்" என்று கேட்டவர்களைவிட, "நீ பிறருக்கு உதவும் குணமுள்ளவள்" என்ற பொருள்படக் கேட்ட 8 வயதுப் பிள்ளைகள் பின்னர் வேறு சூழலிலும் அதிகம் கொடுத்தார்கள். 5, 6 வயதில் இந்த வேறுபாடு தெரியவில்லை. ஆக மகளுக்குச் சொல்லலாம். தம்பிக்குச் சொல்லிப் பயனில்லை. சின்னப் பிள்ளைகளை "உதவியாளர்" என்று பட்டம் கட்டி அழைத்து, உதவப்போய் ஏதோ கொட்டிவிட்டால், அடுத்த முறை அவர்கள் பின்வாங்குவதும் சோதனையில் தெரிந்திருக்கிறது. செய்ததை மட்டும் சொன்னால் அந்த ஆபத்து இல்லை.

மணநாள், தேர்ச்சி, புதுவீடு என்று எந்தக் கொண்டாட்டத்திலும் இதே வரிசை செல்லும். ஒரே வேறுபாடு: அங்கே கொண்டாட்டம் பிள்ளையுடையது அல்ல என்பதால் பங்கு கேட்க வேண்டியதும் பிள்ளையிடம் அல்ல. அதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

மூன்றாம் ஆண்டு

இந்த முறை மகள்தான் முதலில் பேச்செடுத்தாள், இரண்டு மாதம் முன்பே. நூலகம் என்றாள். பத்து நாணயங்களை அடுக்கியபோது ஒன்றை மட்டும் நகர்த்தினாள், சைக்கிளுக்குச் சேர்க்கிறாளாம். போன ஆண்டு மூன்று, இந்த ஆண்டு ஒன்று என்று பெற்றோருக்குச் சப்பென்று போயிற்று. எங்கள் கணிப்பு வேறு. பங்கு குறைந்திருக்கிறது, ஆனால் யாரும் நினைவூட்டாமல் அவளே தொடங்கினாள், அவளே இடத்தைச் சொன்னாள், தன் தேவையோடு வைத்து எடைபோட்டாள். தொகையை வைத்து ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் வீடுகளில், பிள்ளைகள் பெற்றோர் எதிர்பார்க்கும் எண்ணைச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள்.

தம்பி, வயது 5, இந்த முறை பந்தைக் கொடுத்தான். உடைந்த பந்து. அதை வாங்கிக்கொண்டு மெச்சுவது தவறு, திட்டுவதும் தவறு. அம்மா சொன்னது சரியாக இருந்தது: "இது குப்பைக்குப் போகிற பந்து, போட்டுடலாம். கொடுக்கிறதுன்னா நீயே வெச்சு விளையாடக்கூடியதா இருக்கணும். கொடுக்க வேண்டாம்னாலும் பரவாயில்லை." அவன் யோசித்துவிட்டுப் போய்விட்டான். அந்த ஆண்டு எதுவும் கொடுக்கவில்லை.

எதிர்பாராத கேள்வி மகளிடமிருந்து வந்தது. ஒரு நாணயத்தை நகர்த்திவிட்டு, "நீங்க பத்துல எத்தனை?" என்றாள். இருவருக்கும் பதில் தெரியவில்லை. அவ்வப்போது கொடுத்திருக்கிறார்கள், பங்காகக் கணக்குப் பார்த்ததில்லை. அன்றிரவு ஓராண்டு ரசீதுகளை எடுத்துக் கூட்டினார்கள். பத்தில் ஒன்றுக்கும் கீழே வந்தது. மறுநாள் அதை அப்படியே அவளிடம் சொன்னார்கள். பத்து நாணயங்களை எடுத்து வைக்கும் பெற்றோர் எவரும் இந்தக் கணக்கை முந்தைய நாளே போட்டு வைத்துக்கொள்வது நல்லது. 8, 9 வயதுப் பிள்ளை எப்படியும் கேட்கும்.